சொல்ல வேண்டிய கடமை யாருடையது? பள்ளி மாணவர் நலமும் பாதுகாப்பும்

திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூர் போன்ற ஓர் ஊரில் படிக்கும் மாணவரின் உடல்நலம், மனநலம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் அரசின் ஒரே துறை கவனிப்பதில்லை. சத்து மாத்திரையும் கண் பரிசோதனையும் சுகாதாரத் துறையின் பொறுப்பு. ஆலோசனைத் தொலைபேசி எண் பள்ளிக் கல்வித் துறையைச் சார்ந்தது. குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் சமூக நலத் துறையோடு இணைந்தவை. பள்ளிக் கட்டடத்துக்கு உரிமம் தருபவர் வட்டாட்சியர். பள்ளிப் பேருந்தைச் சோதிப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். குற்றம் நடந்துவிட்டால் விசாரிப்பது காவல் துறை. விழுப்புரம் மாவட்டத்தின் பெற்றோரில் பெரும்பாலோர் உழவையும் கூலி வேலையையும் நம்பி வாழ்பவர்கள் என்பதால், இத்தனை அலுவலகங்களில் எதை நாடுவது என்று தெரியாமலே பல குடும்பங்கள் பின்வாங்கிவிடுகின்றன. ஆனால் இவ்வலுவலகங்களுக்கு உரிய சட்டங்களை ஒருசேரப் படிப்பவருக்கு ஒரு பொதுத்தன்மை புலப்படும்: தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் உரிமையை அவை குழந்தைக்குத் தருகின்றன, சொன்னதைக் கேட்டு உரிய இடத்தில் தெரிவிக்கும் கடமையையோ பெரியவர்கள் மீது சுமத்துகின்றன. மாணவர் பாதுகாப்பைப் பற்றி நடக்கும் விழிப்புணர்வுப் பேச்சுகளில் பெரும்பகுதி குழந்தைக்கு அறிவுரை சொல்வதிலேயே தீர்ந்துபோவதால், இந்த இரண்டாவது பாதி பலருக்கும் தெரியாமலே இருக்கிறது.

குழந்தைக்கும் குடும்ப வழக்கத்துக்கும் இடையில் அரசு குறுக்கிடலாமா என்ற கேள்வி இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் இவ்வூரைச் சேர்ந்தவர். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடை செய்த தேவதாசி ஒழிப்புச் சட்டம், முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் போராடத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின், ராமசாமி ரெட்டியாரின் ஆட்சிக் காலத்தில் 1947இல் நிறைவேறியது. வழக்கம், மானம், சம்மதம் என்ற பெயர்களால் ஒரு சிறுமிக்கு நேரும் தீங்கை மறைக்க முடியாது என்ற கொள்கை அன்றே இம்மாகாணத்தின் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. பின்னர் வந்த 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் அதே கொள்கையின் தொடர்ச்சிகளே.

முதலில் உடல்நலம். 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களை நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் நேரில் வந்து பரிசோதிக்கின்றன. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, குழந்தைப் பருவ நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகைகளில் அவர்கள் தேடுகிறார்கள். இதயத்தில் துளை, காது கேளாமை, பார்வைக் குறைவு, பல் சொத்தை, கற்றல் குறைபாடு என இவற்றுள் அடங்குபவை பல. குறை கண்டறியப்பட்ட குழந்தை அரசு மருத்துவமனைக்கோ, மாவட்ட அளவில் இதற்கென இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கோ பரிந்துரைக்கப்படுகிறது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் செலவை ஏற்கிறது. திட்டம் நல்லது, அது அறுந்துபோவது பெரும்பாலும் பரிந்துரைச் சீட்டு வீட்டுக்குப் போன பிறகுதான். ஒரு நாள் கூலியை இழந்து, திண்டிவனத்துக்கு ஒரு பேருந்தும் அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்னொரு பேருந்தும் பிடித்து, வரிசையில் நின்று, மறுநாளும் வரச் சொல்லப்படும் பெற்றோர் அச்சீட்டைப் பெட்டியில் வைத்துவிடுவதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. சீட்டின் நகல் வகுப்பாசிரியரிடம் இருந்து, அடுத்த மாதம் அவர் ஒரு முறை கேட்டாலே பாதி வேலை நடந்துவிடும். அவ்வாறு கேட்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அரிதாகவே இருக்கின்றன. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பதால், இது அவர்கள் கையிலேயே உள்ள வேலை.

இரத்தசோகை இன்னும் பரவலானது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு அது இருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட மாணவ மாணவியர்க்கு வாரம் ஒரு முறை பள்ளியில் தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், மலம் கறுக்கும். இவ்விரண்டும் ஆபத்தல்ல என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பல மாத்திரைகள் சன்னல் வழியே வெளியே போகின்றன. மதிய உணவுக்குப் பின் விழுங்குவதும், உடனே தேநீர் குடிக்காமல் இருப்பதும் போதும். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களின் 10ஆம் தேதிகளை ஒட்டித் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையும், வளரிளம் பெண்களுக்குப் ‘புதுயுகம்’ திட்டத்தில் விலையின்றித் தரப்படும் சானிட்டரி நாப்கினும், பார்வைக் குறைவுள்ளோர்க்குத் தரப்படும் இலவசக் கண்ணாடியும் சலுகைகள் அல்ல, கேட்டுப் பெற வேண்டியவை. இவற்றோடு பலர் அறியாத ஓர் உதவியும் உண்டு: அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் மாணவரின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அம்மாணவரின் கல்விக்காக அரசு 75,000 ரூபாய் வழங்குகிறது; இதற்கான விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் வழியே அனுப்ப வேண்டும்.

மனநலத்தைப் பொறுத்தவரை, நேரில் ஆலோசனை கிடைப்பதைவிடத் தொலைபேசியில் கிடைப்பது எளிது என்பதே இன்றைய நிலை. 2018இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய 14417 என்ற எண் படிப்பு, தேர்வு, உதவித்தொகை பற்றிய ஐயங்களோடு மன உளைச்சலையும் பள்ளியில் நேரும் தொல்லைகளையும் கேட்கிறது. சுகாதாரத் துறையின் 104, ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 2022 முதல் இயங்கும் 14416 ஆகியவை மனநல ஆலோசனைக்கு உரியவை. மூன்றுக்கும் கட்டணம் இல்லை. ஆற்றுப்படுத்துநர் என்று அரசு ஆவணங்கள் குறிக்கும் ஆலோசகர் ஒருவர், பேசுபவரின் துன்பத்தைத் தீர்ப்பு வழங்காமல் கேட்டு, அவர் தாமே ஒரு வழியைக் காண உதவுபவர். மருந்து எழுதும் மனநல மருத்துவர் வேறு, இவர் வேறு. பள்ளிகளுக்கே உளவியலாளரை அழைத்துச் செல்லும் நடமாடும் ஆலோசனை மையங்களைத் தமிழ்நாடு பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. எனினும் சில வாகனங்கள் மாநிலத்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளை எத்தனை முறை சுற்றிவர முடியும் என்பது எளிய கணக்கு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றும், சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்றும், உதவி எண்களை மாணவர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் நெறிமுறைகளை வகுத்தது. இதைக் காட்டிப் பள்ளி நிர்வாகத்திடம் கேள்வி கேட்கும் உரிமை பெற்றோருக்கு இப்போது இருக்கிறது.

தற்கொலை முயற்சியைப் பற்றிய அச்சம் ஒன்றையும் இங்கே நீக்கிவிட வேண்டும். காவல் நிலையத்தில் வழக்காகிவிடும் என்று பயந்து, பூச்சிமருந்து குடித்த பிள்ளையைத் தாமதமாகவோ பொய்க் காரணம் சொல்லியோ மருத்துவமனைக்குக் கொண்டுவரும் குடும்பங்கள் உண்டு. எதைக் குடித்தார் என்பதை மறைப்பது சிகிச்சையைத் திசைமாற்றி உயிருக்கே உலை வைக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய தண்டனைச் சட்டத்தில் இதைப் பொதுவான குற்றமாக்கிய பிரிவே இடம்பெறவில்லை. அத்தகைய பிள்ளைக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

கட்டடமும் வாகனமும் மாணவர் பாதுகாப்பில் சேர்ந்தவை என்பதைத் தமிழ்நாடு மிகப் பெரிய விலை கொடுத்தே கற்றது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பின், 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. 2012 ஜூலையில் சென்னை சேலையூரை ஒட்டிய பகுதியில், பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருவர் இறந்ததை அடுத்து, பள்ளிப் பேருந்துகளுக்கான தனி விதிகள் அதே ஆண்டில் வந்தன. பள்ளி திறப்பதற்கு முன் ஆண்டுதோறும் நடக்கும் பேருந்து ஆய்வுகள் அதனால்தான். ஆயினும் 2025 ஜனவரி 3 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தின் விக்கிரவாண்டியில், ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியை மூடியிருந்த இரும்புத் தகடு உள்வாங்கி எல்.கே.ஜி. குழந்தை ஒன்று உயிரிழந்தது. பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். சான்றிதழ்கள் சுவரில் மாட்டியிருப்பது வேறு, துருப்பிடித்த மூடியை ஒருவர் தினமும் குனிந்து பார்ப்பது வேறு. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரோ பெற்றோரோ திறந்த கிணறு, மூடியில்லாத தொட்டி, தாழத் தொங்கும் மின்கம்பி, விரிசல் விட்ட கூரை ஆகியவற்றைப் புகைப்படத்தோடு எழுத்தில் தலைமையாசிரியருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்பினால், அதன் பின் ‘தெரியாது’ என்று சொல்ல யாருக்கும் இடமில்லாமல் போகும்.

பாலியல் குற்றங்களே மிகுந்த விரிவுடன் விளக்கப்பட வேண்டியவை, ஏனெனில் இங்கேதான் சட்டத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் உள்ள தூரம் மிக அதிகம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 18 வயது நிறையாத ஆண், பெண், திருநர் அனைவரையும் குழந்தை என்கிறது. உடலைத் தொடுவது மட்டுமன்றி, பாலியல் நோக்கத்தோடு பின்தொடர்வது, ஆபாசப் படம் காட்டுவது, குழந்தையைப் படமெடுப்பது ஆகியவையும் அதன்படி குற்றம். ஆடைக்கு மேல் தொட்டால் குற்றமில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தள்ளிவிட்டது, நோக்கமே அளவுகோல். குற்றம் செய்தவர் ஆசிரியராகவோ பள்ளி ஊழியராகவோ இருந்தால் தண்டனை கூடுகிறது.

இச்சட்டத்தின் 19ஆம் பிரிவே இந்த முழு அமைப்பின் அச்சாணி. ஒரு குழந்தைக்கு இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அது. தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. இக்கடமையில் தவறினார் என்று குழந்தையைத் தண்டிக்க முடியாது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது, குற்றம் பின்னர் மெய்ப்பிக்கப்படாமல் போனாலும், வழக்குத் தொடர முடியாது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போலியாக நடத்தப்பட்ட தேசிய மாணவர் படை முகாமில் மாணவியருக்கு நேர்ந்த கொடுமையைத் தெரிந்தும் சொல்லாமல் விட்டதற்காகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைது செய்யப்பட்டதை ஆசிரியர் கூட்டங்களில் விரிவாகவே பேசலாம். ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்ற கவலையால் காக்கப்படுவது குற்றவாளியே என்பதை 2022 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஒரு பள்ளி விடுதி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சுட்டியது.

ஆகவே ஒரு மாணவி தம் ஆசிரியரிடம், “யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்” என்று தொடங்கும்போது, சொல்ல மாட்டேன் என்ற வாக்குறுதியை அவர் தரக் கூடாது. உதவி செய்பவர்களிடம் மட்டும் சொல்வேன் என்பதே தரக்கூடிய உண்மையான வாக்கு. பள்ளியே ஒரு விசாரணை நடத்திப் பார்ப்போம் என்று இறங்குவதும், குற்றம் சாட்டப்பட்டவரை எதிரில் நிறுத்திக் குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்வதும், எழுதி வாங்குவதும் இரண்டாவது தீங்கு. குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, தேதியோடு குறித்துக்கொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ 112க்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பதோடு ஆசிரியர் கேட்டறியும் வேலை முடிந்துவிடுகிறது. அவருடைய ஆதரவு முடிவதில்லை. 2021க்குப் பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அமைக்கப்பட்ட மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும், ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டியும் பயனுள்ளவைதாம், ஆனால் அவை காவல் துறைக்குச் சொல்லும் கடமைக்கு மாற்று அல்ல. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தகவல் கிடைத்த பின் காவலர் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. வாக்குமூலம் குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியால், சீருடையின்றிப் பெறப்பட வேண்டும். எக்காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரோடு குழந்தை முகம் பார்க்க நேரக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழு மாவட்டந்தோறும் இயங்குவது; முதல் வகுப்புக் குற்றவியல் நடுவரின் அதிகாரம் உடையது; குழந்தைக்கு வீட்டிலேயே ஆபத்து என்றால் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கவும், வழக்கு முடியும்வரை உடனிருக்கும் துணை நபர் ஒருவரை நியமிக்கவும், உணவு, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குப் பணம் பரிந்துரைக்கவும் அதற்கு முடியும். இறுதித் தீர்ப்புக்குக் காத்திராமல் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம் என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

மருத்துவமனை அரசுடையதோ தனியாருடையதோ, பாதிக்கப்பட்ட குழந்தைக்கு உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும்; முதல் தகவல் அறிக்கையைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவரே, பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்கப் பரிசோதிக்க வேண்டும். இருவிரல் பரிசோதனை என்ற இழிவான முறையை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டித்துத் தடுத்துள்ளது. 18 வயது நிறையாத பெண் கருவுற்றிருந்தால், 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்புப் பெறலாம். அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குத் தரும் தகவலில் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் தீர்ப்பாகியுள்ளது. நாட்டு வைத்தியரிடமும் மருந்துக்கடையிலும் இரகசியமாகத் தீர்வு தேடி உயிரை இழப்பதற்கு இத்தீர்ப்பு ஒரு மாற்றுவழியைத் திறந்திருக்கிறது.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணம் கொடுத்து முடித்துவைப்பதும், குற்றவாளிக்கே மணம் முடித்துக் கொடுப்பதும் தீர்வாகத் தோன்றும் சூழல் இன்னும் மாறிவிடவில்லை. ஆனால் இக்குற்றம் இரு குடும்பங்களுக்கு இடையிலான தகராறு அல்ல; பெற்றோரே சமாதானமாகிவிட்டாலும் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. மறுபுறம், பதினாறு பதினேழு வயதினரின் காதலும் இதே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது என்பதை மேல்நிலை வகுப்பு மாணவருக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். சம்மதம் இருந்தது என்பது அவ்வயதில் சட்டத்தின் முன் எடுபடாது. இது கடுமையான நிலை என்று நீதிபதிகள் பலரே கருத்துரைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் மாறும்வரை, தெரியாமல் சிறைக்குப் போகும் பையனுக்கு அக்கருத்துரைகள் உதவப்போவதில்லை.

அடிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அச்சட்டம் 14 வயதோடு நின்றுவிடுவதால், மேல் வகுப்பினருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு துணை நிற்கிறது. ‘கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்சிடுங்க சார்’ என்று தகப்பன் தரும் அனுமதிக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. சாதிப் பெயரால் நேரும் இழிவும், குறிப்பிட்ட பிரிவு மாணவரை மட்டும் கழிப்பறை கழுவச் சொல்வதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடியவை. 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பெரிய பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே தனி அலுவலர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பள்ளியை ஒட்டிய பெட்டிக்கடையில் புகையிலை விற்பதைப் பற்றிய சட்ட முரண் ஒன்றும் குறிப்பிடத்தக்கது: பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பவருக்குப் புகையிலைச் சட்டத்தில் 200 ரூபாய் வரைதான் அபராதம், அதையே ஒரு குழந்தையின் கையில் கொடுத்தவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். புகாரில் எந்தச் சட்டத்தைக் குறிப்பிடுவது என்பது இதனால் தெளிவாகும்.

கைப்பேசியில் படத்தைக் காட்டி மிரட்டும் வழக்குகளில், அவமானத்தால் படத்தையும் உரையாடலையும் அழித்துவிடுவதே மாணவர்கள் செய்யும் முதல் பிழை. அவற்றைப் பிறருக்கு அனுப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டு, மிரட்டுபவருக்குப் பணம் தராமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ காவல் நிலையத்திலோ உடனே தெரிவிக்க வேண்டும்.

புகாரை ஏற்க மறுத்தால் செய்ய வேண்டியவையும் உண்டு. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. நிலையத்தில் மறுக்கப்பட்டால் அதே புகாரை விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையென்றால் நீதிமன்றத்தை நாடலாம். தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பது தடையாக இருக்க வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள், 15100 என்ற எண்ணிலோ நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவிலோ அதைக் கேட்டுப் பெறலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ கட்டணமின்றித் தர வேண்டும் என்பதும் அதே 173ஆம் பிரிவில் உள்ளது; நிலையத்தை விட்டு வெளியே வரும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.